விக்கெட் எடுக்க பாலு, கேப்டனாக வேற ஆள்

நம்ம பக்கத்து கிரவுண்டுகளில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட் பார்த்திருப்பீங்க. திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டை, எங்கே வேணும்னாலும் எடுத்துக்கோங்க. எண்ட்ரி ஃபீஸ் கட்டணும், லாட் போடுவாங்க, தோத்தா வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். நல்லா பந்து போடுற பையன் எந்தத் தெருவில் இருந்தாலும் சரி, காலையில் ஆறு மணிக்கே அவன் வீட்டு வாசலில் டீம் வந்து நிக்கும். அந்த நேரத்தில் அவன் யாரு, அப்பா என்ன வேலை பார்க்கிறார்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. விக்கெட் வேணும், அவ்வளவுதான். "கிரவுண்டுல ஜாதி இல்லப்பா" என்று நாம சொல்றது இதை வெச்சுத்தான்.

அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க ஒருத்தருடைய வாழ்க்கையை உங்களுக்குச் சொல்லப் போறேன். பேரு பல்வங்கர் பாலு. இந்தியாவின் முதல் பெரிய ஸ்பின்னர். ஒரு காலத்தில் பம்பாய் முழுக்கத் தெரிந்த பேர் இது. ஆனா நம்ம கிளாஸில் கிரிக்கெட் பைத்தியம்னு பேர் எடுத்தவனிடம் கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் முழிப்பாங்க.

அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அமெரிக்கா போயிட்டு வந்திடலாம். ஜாக்கி ராபின்சன் பேரை நீங்க கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், படமே வந்திருக்கு. அங்கே பெரிய பேஸ்பால் லீக்குகளில் அறுபது வருஷத்துக்கு மேல் கறுப்பு ஆட்டக்காரர் ஒருத்தரைக்கூட சேர்க்கவில்லை. சட்டம் எதுவும் எழுதி வைக்கவில்லை, சும்மா ஒரு எழுதப்படாத ஒப்பந்தம். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் டீமுக்காக ராபின்சன் இறங்கினபோதுதான் அது உடைந்தது. அப்போ ஒரு சீசனுக்கு ஒவ்வொரு டீமும் 154 மேட்ச் ஆடும். இரண்டு லீக்கிலும் முதலிடம் வருகிற டீம்கள் கடைசியில் வேர்ல்ட் சீரிஸில் மோதும், ஏழில் நாலு ஜெயிக்கணும். ராபின்சனின் முதல் சீசனிலேயே டாட்ஜர்ஸ் அது வரைக்கும் போய், நாலுக்கு மூணு என்று யாங்கீஸிடம் தோத்தாங்க. 1949-ல் அவருக்கு லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது. (அதே 1949-லதான் நம்ம ராயபுரம் ராபின்சன் பார்க்கில் கொட்டுற மழையில் திமுக தொடக்கக் கூட்டம் நடந்தது. அந்த ராபின்சனுக்கும் இந்த ராபின்சனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சொல்லாம விட மனசு வரல, அதான்.)

பாலுவை இந்தியாவின் ஜாக்கி ராபின்சன் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம். ராபின்சன் பிறந்தது 1919-ல். அந்த நேரத்தில் பாலு தன் ஆட்டத்தை ஏறக்குறைய முடிச்சிட்டார். நியாயமா பார்த்தா ராபின்சனைத்தான் அமெரிக்காவின் பாலு என்று சொல்லணும்.

பாலு பிறந்தது 1876-ல், இன்றைய கர்நாடகாவில் இருக்கும் தார்வாடில். தோல் வேலை செய்கிற சமார் ஜாதி. அன்றைக்கு அது தீண்டாமைக்கு உள்ளான ஜாதி. குடும்பம் பூனாவுக்கு வந்தது, அப்பாவுக்கு ராணுவத்தோடு சேர்ந்த வேலை. பூனாவில் வெள்ளைக்கார அதிகாரிகள் நிறைய, அவங்க தூக்கிப்போட்ட பழைய பேட், பழைய பந்து வெச்சுத்தான் பாலுவும் தம்பி சிவராமும் ஆடக் கத்துக்கிட்டாங்க. பிறகு கண்பத், விட்டல் என்று இன்னும் இரண்டு தம்பிகள் ஆட்டத்துக்கு வந்தாங்க. நாலு பேருமே பெரிய அளவில் ஆடினவங்க. விட்டலைப் பற்றி பின்னாடி வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

பாலுவின் முதல் வேலை பார்சிகளின் கிரிக்கெட் கிரவுண்டில். பிட்ச்சைப் பெருக்கணும், ரோலர் இழுக்கணும். சம்பளம் மாசம் மூணு ரூபாய். 1892 வாக்கில் அங்கிருந்து வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்குப் போனார், சம்பளம் நாலு ரூபாய் ஆச்சு. அங்கேயும் ரோலர், கோடு போடுறது, நெட் கட்டுறது. நடுநடுவே நெட்ஸில் அதிகாரிகளுக்குப் பந்து போடணும். இடது கை ஸ்லோ பௌலிங். பையன் பந்து போட்டா பெரிய பெரிய ஆளுங்க தடுமாறினாங்க.

அந்த கிளப்பில் கிரெய்க் என்று ஒரு கேப்டன் இருந்தார். பம்பாய் மாகாணத்து வெள்ளைக்கார டீமில் அவர்தான் பெரிய பேட்ஸ்மேன். மத்தவங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து பாலுவைப் போடச் சொல்லி பிராக்டிஸ் பண்ணுவார். தன்னை ஒரு தடவை அவுட் ஆக்கினா எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, கணக்கு போட்டுப் பாருங்க: மாசச் சம்பளம் நாலு ரூபாய், அதாவது எட்டு விக்கெட் எடுத்தா ஒரு மாசச் சம்பளம். நம்ம ஊர் இன்சென்டிவ் ஸ்கீம் எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது வேற. அந்த நெட்ஸில் பாலு ஆயிரக்கணக்கில் பந்து போட்டிருப்பார். ஒருத்தரும் பேட்டை அவர் கையில் கொடுத்ததில்லை. பேட்டிங் துரைமார்களுக்கு, பௌலிங் வேலைக்காரனுக்கு. உழைப்பு உன்னுடையது, அழகு என்னுடையது என்று அங்கேயே பிரிச்சாச்சு.

பூனாவில் இந்துக்களுக்கும் ஒரு கிளப் இருந்தது. வெள்ளைக்காரங்களைத் தோற்கடிக்கணும் என்பது அவங்க கனவு. வெள்ளைக்காரங்களின் பெரிய பேட்ஸ்மேனைத் தினமும் காலையில் திணறடிக்கிற ஒருத்தன் ஊரிலேயே இருக்கான், ஆனா அவன் தீண்டத்தகாதவன். என்ன பண்றது? கிளப்பில் விவாதம் நடந்தது, சில பேர் மறுத்தாங்க, கடைசியில் சேர்த்துக்கிட்டாங்க. ஜெயிக்கணும்கிற ஆசை தீட்டைவிடப் பெருசா இருந்தது.

கிரவுண்டுக்குள்ளே எல்லாரும் தொட்ட அதே பந்தை பாலுவும் தொட்டார், அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டாங்க. ஒரு நிமிஷம் யோசிங்க, கிரிக்கெட் பந்துக்கு மேலே தைச்சிருக்கிறது தோல். தோலைத் தொடுற ஜாதி என்றுதானே அவரைத் தள்ளி வெச்சாங்க? அந்தத் தோல் பந்தைப் பேன்ட்டில் தேய்ச்சுப் பளபளப்பு ஏத்தும்போது யாருக்கும் தீட்டு ஞாபகம் வரல.

டீ இடைவேளை வந்ததும் ஞாபகம் வந்துடும். மத்தவங்க பெவிலியனுக்குள்ளே பீங்கான் கோப்பையில் குடிப்பாங்க. பாலுவுக்கு வெளியே, தூக்கிப்போடுற மண் குவளையில் டீ. முகம் கழுவணும்னா தண்ணி ஊத்தறதுக்கு அவர் மாதிரியே ஒடுக்கப்பட்ட ஜாதியைச் சேர்ந்த ஒரு வேலையாள் வரணும். சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில். நமக்கு இது புதுசு இல்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை என்ற வார்த்தையை தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனா இங்கே ஒரு வித்தியாசம்: அந்த மண் குவளையில் டீ குடிச்சவர் கொஞ்ச நேரம் முன்னாடி அதே பெவிலியன்காரங்களுக்காக விக்கெட் எடுத்துட்டு வந்தவர்.

சதாராவில் வெள்ளைக்காரர்கள் கிளப்போடு ஒரு மேட்ச். அங்கே பாலு ஏழு விக்கெட் எடுத்தார், பூனாக்காரங்க ஜெயிச்சாங்க. ஊர் திரும்பினதும் பாராட்டு விழா, சமூகச் சீர்திருத்தவாதி ரானடே மாலை போட்டார். சேர்ந்து ஆடலாம் என்றால் சேர்ந்து சாப்பிடக் கூடாதா என்று அந்த விழாவில் அவர் தன் ஆட்களைப் பார்த்தே கேட்டார். இன்னொரு சமயம் திலகரும் பாலுவுக்கு மாலை போட்டார். பொது மேடையில் மாலையும் கிரவுண்டு ஓரத்தில் மண் குவளையும் ஒரே ஆளுக்கு, ஒரே காலத்தில்.

1890-களின் கடைசியில் பூனாவில் பிளேக் பரவினது, பாலு பம்பாய்க்கு இடம் மாறினார். அங்கே பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானா. சில உறுப்பினர்கள் முணுமுணுத்தாலும் கேப்டன் கீர்த்திகர் பிடிவாதமா அவரைச் சேர்த்தார். பம்பாய் பரோடா சென்ட்ரல் இந்தியா ரயில்வேயில் வேலையும் கிடைச்சது, ரயில்வே டீமுக்கும் ஆடினார். இந்த ரூட் வடசென்னைக்காரங்களுக்கு நல்லாத் தெரியும். துறைமுகம், ஐசிஎஃப், ரயில்வே என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உள்ளே போன ஃபுட்பால் பிளேயரோ பாக்ஸரோ உங்க தெருவிலும் ஒருத்தர் இருப்பார். காலை ஷிஃப்ட் முடிச்சிட்டு சாயங்காலம் கிரவுண்டுக்கு வருவார். ஒரு குடும்பத்தையே அந்த ஒரு வேலை தூக்கி நிறுத்தியிருக்கும். பாலு இந்த வழியில் முதலில் நடந்தவங்களில் ஒருத்தர்.

இப்போ அந்த ஊர் போட்டியைப் பற்றிச் சொல்லணும், இல்லேன்னா மிச்சம் புரியாது. பம்பாயில் அன்றைக்கு ஐபிஎல் மாதிரி ஊரே வேலையை விட்டுட்டுப் பார்த்த போட்டி ஒண்ணு இருந்தது. டீம் பிரிச்சது ஊர் பேரில் இல்லை, மதத்தின் பேரில். முதலில் வெள்ளைக்காரங்களும் பார்சிகளும் மட்டும் ஆடினாங்க. 1907-ல் இந்துக்கள் சேர்ந்ததும் மூணு டீம். 1912-ல் முஸ்லிம்கள் சேர்ந்ததும் நாலு, அப்போதிருந்து பேரு குவாட்ராங்குலர். லீக் சுற்று, பாயின்ட்ஸ் டேபிள் எல்லாம் கிடையாது. நேரா செமி ஃபைனல், அப்புறம் ஃபைனல். நாம இப்போ பிளே ஆஃப் என்று சொல்கிற அந்தக் கடைசிக் கட்டம்தான் மொத்த சீசனே. 1937-ல் மிச்சமுள்ள எல்லாருக்கும் சேர்த்து ஐந்தாவது டீம் ஒண்ணு வந்தது. மதத்தின் பேரில் ஆட்டமா என்ற எதிர்ப்பு வளர்ந்து 1946-ல் போட்டியே நின்றது. நம்ம சென்னையில் அந்தப் பிரிவினை வேற மாதிரி: சேப்பாக்கத்தில் இந்தியர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் மட்டும் பிரசிடென்சி மேட்ச், வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி.

யோசிச்சுப் பாருங்க, கோயிலுக்குள்ளே விடாத ஒருத்தர் இந்து டீமுக்கு ஆடுகிறார். அந்த டீமின் பேரே இந்து. கிணற்றில் தண்ணி எடுக்கும்போது அவர் இந்து இல்லை, பிட்ச்சில் பந்து எடுக்கும்போது இந்து.

1906 பிப்ரவரி. பம்பாய் ஜிம்கானா கிரவுண்டில் இந்துக்களுக்கும் வெள்ளைக்காரங்களுக்கும் மேட்ச். இந்துக்கள் 242, வெள்ளைக்காரங்க 191. இரண்டாவது இன்னிங்ஸில் இந்துக்கள் 160. அப்போ வெள்ளைக்காரங்களுக்கு 212 அடிக்கணும். 102-க்குச் சுருண்டாங்க. சுருட்டினதில் பெரிய பங்கு பாலுவுடையது. 109 ரன்னில் ஜெயம். ரஷ்யாவை ஜப்பான் தோற்கடிச்சு அப்போ ஒரு வருஷம்கூட ஆகலை. ஆசியாக்காரன் ஐரோப்பாக்காரனை ஜெயிக்க முடியும் என்று எல்லாரும் பேசிக்கிட்டிருந்த நேரம், இந்த மேட்ச்சும் அந்தப் பேச்சில் சேர்ந்தது. அந்த டீமில் தம்பி சிவராமும் இருந்தார். பூனாவில் வெளியே உட்கார வெச்ச மாதிரி இல்லாம பம்பாயில் சேர்ந்து சாப்பிடுற அளவுக்கு வந்துட்டாங்களே என்று சீர்திருத்தப் பத்திரிகைகள் சந்தோஷப்பட்டு எழுதின. பத்து வருஷத்தில் மண் குவளையிலிருந்து ஒரே மேசைக்கு. சின்ன விஷயம் இல்லை அது. நான் அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

1911-ல் இந்தியாவின் எல்லா சமூகமும் கலந்த டீம் ஒண்ணு முதல் முறையா இங்கிலாந்து போனது. கேப்டன் யாரு? பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயசு பத்தொன்பது. பாலுவுக்கு முப்பத்தஞ்சு. அந்தக் கோடையில் டீம் ஆடின முதல்தர மேட்ச் பதினாலில் ஜெயிச்சது இரண்டே இரண்டு, தோத்தது பத்து. மகாராஜா முக்கால்வாசி நேரம் விருந்துகளில் இருந்தார். பாலு எல்லா மேட்ச்சும் சேர்த்து 114 விக்கெட் எடுத்தார், ஒரு விக்கெட்டுக்கு பத்தொன்பது ரன்கூட ஆகலை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிரா ஒரே இன்னிங்ஸில் 103 ரன் கொடுத்து எட்டு விக்கெட். ஜெயிச்ச இரண்டில் ஒண்ணு லெஸ்டர்ஷயரோடு, பாலுவுக்கு பதினோரு விக்கெட். இன்னொண்ணு சோமர்செட்டோடு, ஒரே ஒரு விக்கெட் மிச்சம் இருக்க ஜெயிச்சாங்க. அதில் தம்பி சிவராம் சதம், அவருக்குத் துணையா நின்று பாலு அரைசதம்.

அந்த அரைசதத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. நெட்ஸில் ஒரு நாள்கூட பேட் கொடுக்கப்படாத மனுஷன் அடிச்சது அது.

ஊர் திரும்பினதும் பம்பாயில் வரவேற்பு. ஒடுக்கப்பட்ட மக்கள் எடுத்த விழாக்களில் கூட்டம் அலைமோதினது. அப்போ அம்பேத்கர் கல்லூரி மாணவர், பாலுவைவிட பதினஞ்சு வயசு சின்னவர். அவர் தலைமுறைக்கு பாலுதான் ஹீரோ. படிச்சும் மதிக்கப்படாத காலத்தில், நம்ம ஆள் ஒருத்தன் வெள்ளைக்காரன் ஊருக்கே போய் ஜெயிச்சிட்டு வந்தான் என்று தலை நிமிர்ந்து சொல்ல ஒரு பேர் கிடைச்சது. பின்னாடி பாலுவைப் பாராட்டின கூட்டங்களில் அம்பேத்கரும் பங்கெடுத்தார்.

சரி, இவ்வளவு சாதிச்ச ஆளை இந்து டீமுக்கு கேப்டன் ஆக்கினாங்களா?

இல்லை. அனுபவத்தில் அவர்தான் மூத்தவர், விக்கெட்டில் அவர்தான் முதல். வருஷா வருஷம் கேப்டன் தேர்வு வந்தது, வருஷா வருஷம் பிராமணர் ஒருத்தரோ வேற உயர்ஜாதிக்காரர் ஒருத்தரோ கேப்டன் ஆனாங்க. கேப்டனா இருந்த எம்.டி.பாய்க்கே இது உறுத்தினது. 1913-ல் தனக்கு எடுத்த பாராட்டு விழாவிலேயே இந்தப் பதவி பாலுவுக்குத்தான் போயிருக்கணும் என்று வெளிப்படையா சொன்னார். அப்படிச் சொல்ல ஒரு மனசு வேணும், அதை மறுக்க முடியாது. ஆனா மேடையில் சொன்னதோடு சரி, பதவி அங்கேயேதான் இருந்தது.

இங்கேதான் எனக்கு நம்ம பிளேஸ்மென்ட் சீசன் ஞாபகம் வருது. ஆப்டிடியூட் டெஸ்டில் மார்க் வரும். கோடிங் ரவுண்டில் புரோகிராம் ஓடணும், ஓடினா ஓடினதுதான். அதை யாரும் மறுக்க முடியாது. அப்புறம் எச்ஆர் ரவுண்டு. அங்கே பேச்சு எப்படி, தோரணை எப்படி, டீமை நடத்துவானா, நம்மகூட ஒட்டுவானா என்று பார்ப்பாங்க. அதுக்கு மார்க் ஷீட் கிடையாது. எண்ணூரிலிருந்து ட்ரெயின் ஏறி வர்றவன் முதல் இரண்டு ரவுண்டைத் தாண்டிட்டு மூணாவதில் திரும்பி வந்த கதை உங்க செட்டிலேயே இருக்கும்.

பாலுவுக்கு நடந்ததும் அதே கணக்குதான். விக்கெட்டை எண்ணலாம். எட்டு விக்கெட் என்றால் எட்டு, அதை ஏழு என்று எந்த கமிட்டியாலும் எழுத முடியாது. அதனால் பௌலரா அவரைத் தள்ள முடியலை. தலைமைப் பண்பை எண்ண முடியாது. எதை எண்ண முடியாதோ அங்கேதான் ஜாதி போய் உட்கார்ந்துக்கிட்டது. திறமை இருந்தா எல்லாக் கதவும் திறக்கும் என்று நமக்குச் சொல்கிறவங்க பொய் சொல்லலை, பாதி சொல்றாங்க. திறமையை அளக்கிற கதவுகள் திறந்தன. மத்த கதவுக்கு வெளியே ஆள் நின்று தட்ட வேண்டியிருந்தது.

அந்தத் தட்டல் 1920-ல் வந்தது. பாலுவுக்கு அப்போ நாற்பத்தி நாலு வயசு. அந்த வருஷம் முதல் மேட்ச்சுக்கு அவரை டீமிலேயே எடுக்கலை. கேப்டன் பாய்க்கு உடம்பு சரியில்லை. அடுத்து மூத்தவர்களில் ஒருத்தர் பாலுவின் தம்பி விட்டல், அப்போ டீமின் நல்ல பேட்ஸ்மேன். ஆனா கேப்டன் பதவி அவரைத் தாண்டி தியோதர் என்கிற பிராமண ஆட்டக்காரருக்குப் போச்சு. சிவராமும் விட்டலும் ஒண்ணா டீமிலிருந்து விலகினாங்க. ஏன் விலகுறோம் என்று வெளிப்படையா அறிக்கையும் விட்டாங்க. ஜாதி காரணமாத்தான் எங்களைத் தள்ளுறீங்க என்று பத்திரிகையில் போட்டு உடைச்சாங்க. இது நூறு வருஷத்துக்கு முன்னாடி. ரயில்வே வேலையை நம்பி இருக்கிற குடும்பம், எதிரே நகரத்தின் பெரிய மனுஷங்க எல்லாம் இருக்கிற கிளப். பாலுவின் எட்டு விக்கெட்டைவிட எனக்கு இந்தத் துணிச்சல்தான் பெருசாத் தெரியுது.

பம்பாயே இரண்டு பட்டது. விவாதம் சூடானதும் கிளப் இறங்கி வந்தது. ஃபைனலுக்கு பாய் திரும்ப கேப்டன், பாலு மறுபடியும் டீமில், கூடவே வைஸ் கேப்டன். தம்பிகளும் திரும்பி வந்தாங்க. மேட்ச் நடக்கும்போது பாய் கொஞ்ச நேரம் கிரவுண்டை விட்டு வெளியே போய்விட, அந்த நேரம் பாலு டீமை நடத்தினார். இருபது வருஷத்துக்கு மேல் அந்த டீமைச் சுமந்தவருக்குக் கிடைச்ச தலைமை அந்தக் கொஞ்ச நேரம்தான்.

மூணு வருஷம் கழிச்சு, 1923-ல், விட்டல் இந்துக்களின் கேப்டன் ஆனார். அந்த வருஷம் ஃபைனலில் வெள்ளைக்காரங்களை ஜெயிச்சாங்க. கூட்டம் உள்ளே ஓடி வந்து விட்டலைத் தோளில் தூக்கிட்டுப் போச்சு. தூக்கின தோள்களில் எல்லா ஜாதியும் இருந்தது. பாலு அப்போ ஆட்டத்தை விட்டிருந்தார்.

இதோடு முடிச்சா சினிமா மாதிரி நல்லா இருக்கும். ஆனா பாலுவின் வாழ்க்கை இன்னும் முப்பது வருஷம் ஓடுது, அந்த மிச்சம் அவ்வளவு சுலபமா நமக்குப் பிடிக்கிற மாதிரி இல்லை.

1930-களில் அவர் அரசியலுக்கு வந்தார். காந்தி பக்கம், காங்கிரஸ் பக்கம். ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனித் தொகுதி வேணும் என்று அம்பேத்கர் கேட்டு வாங்கினார். அதை எதிர்த்து 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார். சமரசம் பேச வந்தவர்களில் சென்னையைச் சேர்ந்த எம்.சி.ராஜா ஒருத்தர், பாலு ஒருத்தர். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் கையெழுத்துப் போட்டவங்க பட்டியலில் அம்பேத்கரும், எம்.சி.ராஜாவும், நம்ம இரட்டைமலை சீனிவாசனும் இருக்காங்க. அவங்களோடு பி.பாலு என்று ஒரு பேரும் இருக்கு. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் பூனா ஒப்பந்தம் பற்றிப் படிச்சிருப்போம். அதில் ஒரு ஸ்பின்னரின் கையெழுத்து இருக்கு என்று யாரும் நமக்குச் சொல்லலை.

1935-ல் இந்து மதத்தை விட்டு வெளியேறப் போறேன் என்று அம்பேத்கர் அறிவிச்சார். பாலு அதை ஒத்துக்கலை. 1937-ல் பம்பாய் சட்டசபைத் தேர்தல். அம்பேத்கரை எதிர்த்து யாரை நிறுத்தலாம் என்று காங்கிரஸ் தேடினது. நிறுத்தினது பாலுவை. ஒரு காலத்தில் பாலுவைப் பாராட்டின இளைஞரும், பாராட்டு வாங்கின ஹீரோவும் நேருக்கு நேர். அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு, பாலுவுக்கு 11,225. இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில் பாலு தோத்தார்.

உங்களுக்கு இந்த இடம் கசக்கும், எனக்கும் கசக்குது. அம்பேத்கர் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. ஆனா பாலு ஏன் அந்தப் பக்கம் நின்றார் என்று கொஞ்சம் அவர் இடத்தில் இருந்து பார்க்க முடியுது. அவருக்கு வாழ்க்கை காட்டினது மெதுவா இறங்கி வருகிற கதவு. முதலில் மண் குவளை, அப்புறம் ஒரே மேசை, அப்புறம் வைஸ் கேப்டன், அப்புறம் தம்பி கேப்டன். உள்ளே இருந்து தள்ளினா நகரும் என்று அவர் நம்பினதுக்கு அவர் கண் முன்னாடியே ஆதாரம் இருந்தது. அம்பேத்கர் பார்த்தது எண்ணிக்கையை: ஒரு பாலு உள்ளே போனார், கிராமத்தில் இருக்கிற லட்சக்கணக்கான பேர்? இடது கை ஸ்பின் போட முடியாதவனுக்கு என்ன வழி? இந்தக் கேள்விக்கு கிரிக்கெட்டிடம் பதில் இல்லை. ராபின்சனிடமும் பின்னாடி இதே மாதிரி கேள்விகளை இளைய கறுப்பர் தலைமுறை கேட்டது. 1960 தேர்தலில் அவர் நிக்சனை ஆதரிச்சதுக்கு நிறைய பேச்சு வாங்கினார்.

பாலு டெஸ்ட் மேட்ச் ஆடினதில்லை. இந்தியாவின் முதல் டெஸ்ட் 1932-ல், அப்போ அவருக்கு வயசு ஐம்பத்தாறு. அதனால் இன்றைக்கு நாம புரட்டுகிற ரெக்கார்டு லிஸ்டுகளில் அவர் பேர் வராது. முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட் 179, சராசரி பதினஞ்சு சொச்சம். அத்தனை வருஷம் ஆடியும் 33 மேட்ச்தான் கணக்கில் வருது, அதில் பதினாலுக்குப் பக்கம் அந்த ஒரே இங்கிலாந்துக் கோடையில். 1920-ல் கேப்டன் ஆன தியோதர் நல்ல ஆட்டக்காரர், நூறு வயசு தாண்டி வாழ்ந்தார், 1973-ல் அவர் பேரில் ஒரு டிராபி ஆரம்பிச்சாங்க. தியோதர் டிராபி என்றால் உங்களுக்குத் தெரியும்.

விட்டல் 1948-ல் மராத்தியில் தன் விளையாட்டு வாழ்க்கையைப் புத்தகமா எழுதினார். அந்த வீட்டைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் இன்றைக்கு நமக்குத் தெரிந்ததில் பலதும் அப்படித்தான் மிஞ்சினது. 2002-ல் ராமச்சந்திர குஹா எழுதின கிரிக்கெட் வரலாறு வந்த பிறகுதான் மராத்தி தெரியாதவங்களுக்கும் பாலு திரும்பக் கிடைச்சார். லைப்ரரியில் இருந்தா எடுத்துப் படிங்க, செமஸ்டர் முடிஞ்ச பிறகு.

பாலு 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் இறந்தார், வயசு எழுபத்தொன்பது. இறுதிச் சடங்குக்கு கிரிக்கெட்காரங்களும் வந்தாங்க, அரசியல்வாதிகளும் வந்தாங்க. அந்த வருஷம் அக்டோபரில், ராபின்சன் ஆடின புரூக்ளின் டாட்ஜர்ஸ் யாங்கீஸைத் தோற்கடிச்சு முதல் முறையா வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சது.